நாலு ஸ்க்ரூ

மாமா இறந்து இரண்டு மாதம் கழித்து அத்தை என்னைக் கிள்ளானுக்கு வரச் சொன்னார். கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்புப் பெட்டியை இழுத்து, பழைய கைலித் துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, "நீதான இதெல்லாம் வாசிக்கிற. பார்த்துச் சொல்லு தம்பி, எவ்வளவு போகும்?" என்றார்.

உள்ளே மாமாவின் லெஸ் பால். எழுபதுகளின் கடைசியிலிருந்து முப்பது வருடம் கல்யாண வீடு, கோயில் திருவிழா, தோட்டத்து மேடை என்று அவரோடு அலைந்த கித்தார். தலைப்பகுதியில் தங்க எழுத்தில் 'கிப்சன்' என்று இருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதன் பக்கமே போகக்கூடாது. "அமெரிக்கா சாமான்டா. விழுந்தா வேற வாங்க முடியாது" என்பார் மாமா.

அத்தை ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மகளுக்கு இரண்டாம் ஆண்டுப் பல்கலைக்கழகக் கட்டணம் கட்ட வேண்டும். ஜொகூரில் ஒரு பையன் படத்தைப் பார்த்துவிட்டு 9000 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தான். அந்தப் படத்தில் கித்தாரின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

நான் கித்தாரைத் திருப்பினேன். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஓர் உலோகத் தகடு. அதில் நாலு ஸ்க்ரூ.

கித்தார் பழக்கமில்லாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். லெஸ் பால் மாடலில் கழுத்தைப் பசை போட்டு உடலோடு ஒட்டுவதுதான் கிப்சனின் வழக்கம். ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் வேலையும் செலவும் குறைவு. 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் லெஸ் பாலைப் பார்த்துச் செய்த மலிவான பிரதிகள் பலவற்றில் இந்த நாலு ஸ்க்ரூவைப் பார்க்கலாம். தலைப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தங்க எழுத்து பின்னாளில் யாரோ ஒட்டியது. ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. தயாரிப்பாளர் பெயர் தெரியாத பிரதி. 1500 வெள்ளி தேறினால் அதிகம்.

அன்றைக்கு அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. "நான் எடுத்துட்டுப் போய் விசாரிச்சுச் சொல்றேன் அத்தை" என்று பெட்டியைக் காடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் ஒரே கேள்வி. பழசு, அசல் என்று நாம் கொண்டாடும் மதிப்பு அந்தப் பொருளில் எங்கே இருக்கிறது? சத்தத்திலா, மரத்திலா, பேரிலா? எங்கேயும் இல்லையென்றால் ஜொகூர்ப் பையனிடம் நான் எதை மறைக்கிறேன்?

முதல் லெஸ் பால் 1952-இல் வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலை, கலைஞர் லெஸ் பாலின் பெயரிட்டு அதை வெளியிட்டது. 1957-இல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப் அதில் ஏறியது. 1958 முதல் 1960 வரை, முகப்பு மேப்பிள் மரத்தின் வரிகள் தெரியும்படி, ஓரத்துச் சிவப்பு நடுவில் மஞ்சளாகக் கரைகிற மாதிரி சாயம் பூசினார்கள். சேகரிப்பாளர்கள் இன்று உயிரைக் கொடுத்துத் தேடும் '59 பர்ஸ்ட்' இந்த வரிசையைச் சேர்ந்ததுதான். அந்தக் காலத்தில் அது சரியாக விற்கவில்லை. 1961-இல் அந்த வடிவத்தையே கைவிட்டு, இரண்டு கொம்பு வைத்த மெல்லிய உடலுக்கு மாறிவிட்டார்கள். 1966-இல் ஜான் மேயாலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் அந்தப் பழைய மாடலை வாசித்தார். அதைக் கேட்ட இளைஞர்கள் பழைய கித்தார்களைத் தேடி அலைந்தார்கள். 1968-இல் கிப்சன் மறுபடியும் பழைய வடிவத்தைச் செய்யத் தொடங்கியது. ஏறக்குறைய 250 டாலருக்கு விற்ற 59-க்கு இன்று பல லட்சம் டாலர் கேட்கிறார்கள்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது இதுதான்: இன்று கொண்டாடப்படும் அடையாளங்களில் பல, செய்த காலத்தில் குறைகள். அந்தச் சிவப்புச் சாயம் வெயில் பட்டால் வெளுக்கும். 1960-இல் எளிதில் வெளுக்காத சிவப்புக்கு மாறினார்கள். பிக்கப்பில் செம்புக் கம்பி சுற்றும் இயந்திரங்கள் ஒரே எண்ணிக்கையில் நிற்காது. ஒரு சுருளில் 5000 சுற்று என்றால் அடுத்ததில் கூடும், குறையும். அதனால் ஒரு கித்தார் போல இன்னொன்று ஒலிக்காது. இன்று அந்த வெளுப்புக்கும் அந்தக் குளறுபடிக்கும்தான் விலை.

1993-இல் கிப்சன் பழைய மாடல்களின் மறுபதிப்புகளுக்கென்றே ஒரு தனி வரிசையைத் தொடங்கியது. போகப் போக அவை பழசை நெருங்கின. மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசைகூடத் திரும்பி வந்தது. பின்னர், குறிப்பிட்ட ஒரு பழைய கித்தாரை எடுத்து, அதன் கீறல்களையும் தேய்மானத்தையும் அளந்து நகலெடுக்கும் பதிப்புகளும் வந்தன. யாரோ ஒருவர் இருபது முப்பது வருடம் வாசித்து உண்டான தழும்பு, புத்தம் புதுக் கித்தாரில் பெட்டியைத் திறக்கும்போதே இருக்கிறது.

இடத்தை வைத்து அசலைத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் சிக்கல். 1984-இல் கலமசூ தொழிற்சாலையை மூடி, கிப்சன் தன் வேலைகளை நாஷ்வில் நகருக்குக் கொண்டுபோனது. போக விரும்பாத சில தொழிலாளர்கள் 1985-இல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் கித்தார் செய்யத் தொடங்கினார்கள். பெயர் ஓரிடத்தில், பழைய கட்டடமும் பழகிய கைகளும் வேறிடத்தில். 59-இன் வாரிசு யார்? வழக்கறிஞர் பதில் ஒன்று சொல்வார், மரவேலைக்காரர் வேறொன்று சொல்வார்.

சரி, காது தீர்மானிக்கட்டும் என்று நினைத்தேன். பிரான்ஸ் ஆய்வாளர் கிளோடியா ஃபிரிட்ஸும் அவர் குழுவினரும் வயலினில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான அவர்களின் ஆய்வில், உலகத் தரமான 10 தனிக் கலைஞர்கள், கண்ணை மறைத்துக்கொண்டு 6 பழைய இத்தாலிய வயலின்களையும் 6 புதிய வயலின்களையும் வாசித்தார்கள். பழைய கூட்டத்தில் ஸ்ட்ராடிவாரியும் உண்டு. எது பழசு, எது புதுசு என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. பெரும்பாலோர் தங்களுக்கு வேண்டுமென்று எடுத்தது புதிய வயலினைத்தான்.

நானும் ஒரு சின்னச் சோதனை செய்தேன். நண்பனிடம் ஒரு புதிய மறுபதிப்பு லெஸ் பால் இருக்கிறது. அதுவும் மாமாவின் கித்தாரும் ஒரே ஆம்பில். ஒருவர் முதுகைக் காட்டி உட்கார, இன்னொருவர் வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகவே கேட்டது. மாமாவின் கித்தார் கொஞ்சம் மெலிசு, கணீரென்று முன்னால் வந்து நின்றது. நண்பனுடையதில் அடித்தொண்டை அதிகம். ஆனால் எது அமெரிக்கா, எது பிரதி என்று கேட்டபோது இருவரும் தடுமாறினோம். பத்து முறையில் நான் ஆறு முறை சரி, அவன் நாலு முறை. காசு சுண்டிப் போட்டாலும் அப்படித்தான் வந்திருக்கும். சத்தம் கேட்டது, பூர்வீகம் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்று இரவு எனக்கு நிம்மதியாக இருந்தது. சத்தத்தில் இல்லாத ஒன்றுக்குத்தான் அந்தப் பையன் காசு தருகிறான். வாங்கிப்போய் சந்தோஷமாக வாசிப்பான். மாமா வாசிக்கவில்லையா? இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. நெல்சன் குட்மேன் என்ற தத்துவவாதி 1968-இல் வெளிவந்த 'கலையின் மொழிகள்' நூலில், அசல் ஓவியத்தையும் துல்லியமான போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதே கேள்வியைக் கேட்கிறார். இன்று என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்திருப்பதே நான் பார்க்கும் விதத்தை மாற்றுகிறது, நாளைக்கு நுணுக்கமாகப் பார்க்கப் பழக்குகிறது என்பது அவர் வாதம். எனக்கு இதிலிருந்து கிடைத்தது கொஞ்சம் வேறு. ஒரு பொருளின் வரலாறு காதுக்கும் கண்ணுக்கும் தானாகத் தெரிவதில்லை என்றால், அது யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். அதாவது அசல் என்பது முழுக்க முழுக்க மனிதர்களின் வாக்கில் நிற்கிறது. காதால் பிடிக்க முடியாத பொய் சின்னப் பொய் என்று நான் நினைத்தேன். பிடிக்க வேறு வழியே இல்லாத இடத்தில்தான் வாக்கு முக்கியமாகிறது.

இன்னொன்றும் உறைத்தது. 'கிப்சன்' என்று சொல்லி விற்றால் ஏமாறுவது அந்தப் பையன் மட்டும் இல்லை. ஜப்பானில் முகம் தெரியாத தொழிலாளிகள் செய்து, எப்படியோ கிள்ளானுக்கு வந்து, முப்பது வருடம் எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் ஒலித்த ஒரு கித்தாரின் சொந்தக் கதையை அழித்துவிட்டு, கலமசூவின் கதையை அதன்மேல் ஒட்டுகிறோம். ஜப்பான் பிரதிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸ் கித்தார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மீது தலைப்பகுதி வடிவத்துக்காக வழக்குத் தொடுத்தது. அப்படி வழக்கு வரை போன காலத்துப் பிரதிகளில் நல்லவற்றை இன்று ஜப்பான் கித்தார் என்று தெரிந்தே, அந்தப் பெயர் சொல்லியே தேடி வாங்குகிறார்கள். பிரதியும் தன் பெயரில் பழசாகலாம்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் பையன் கேக்கலையே தம்பி. கேட்டா சொல்லிக்கலாம்."

"அவனுக்குக் கேக்கத் தெரியல அத்தை. சின்னப் பையன்."

"அப்போ உங்க மாமா பொய் சொன்னாரா?"

தெரியவில்லை என்றேன். அப்போது அத்தை சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "அந்த நாலு ஸ்க்ரூவையும் வருசத்துக்கு ஒருக்கா அவருதான் கழட்டுவாரு. ஏதோ அட்டையை வச்சு மறுபடி முடுக்குவாரு. ஒளிச்செல்லாம் செய்யல, இந்த ஹால்லதான் உக்காந்து செய்வாரு."

கழற்றிப் பார்த்தோம். கழுத்து உட்காரும் குழியில், கம்பியின் உயரம் சரியாக வருவதற்காக மடித்து வைத்த ஒரு துண்டு அட்டை. ஏதோ கல்யாணப் பத்திரிகையின் மூலை. மஞ்சள் தடவிய ஓரம் மங்கிப்போய் இருந்தது. மாமாவுக்கு அந்த ஸ்க்ரூவின் அர்த்தம் தெரியுமா, தெரிந்தேதான் அமெரிக்கா என்று சொன்னாரா, அந்த எழுத்தை ஒட்டியது அவரா அவருக்கு விற்றவரா? கேட்க ஆள் இல்லை.

ஜொகூர்ப் பையனுக்குப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி விவரத்தை எழுதினேன். "நன்றிண்ணே" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை.

கட்டுரையை இங்கே முடித்தால் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் நடந்தது இதோடு முடியவில்லை. கித்தாரை நானே 2000 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டேன். மீதிக் கட்டணத்துக்கு அத்தை தன் சங்கிலியை அடகு வைத்தார். உண்மையைச் சொன்னது நான், அதற்கு விலை கொடுத்தது அத்தை. நேர்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள், என்னையும் சேர்த்து, இந்தக் கணக்கை அவ்வளவாகப் பேசுவதில்லை. மாதாமாதம் என்னால் முடிந்ததை அத்தைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

தலைப்பகுதியில் இருந்த அந்த எழுத்தை எடுத்துவிட்டேன். நகத்தாலேயே வந்துவிட்டது. அடியில் வேறு பெயர் எதுவும் இல்லை. அட்டைத் துண்டை இருந்த இடத்திலேயே வைத்து நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். யாராவது என்ன கித்தார் என்று கேட்டால், ஜப்பான் பிரதி, எழுபதுகள், கிள்ளானில் மாமா வாசித்தது என்று சொல்கிறேன். அடுத்த கேள்வி பெரும்பாலும் மாமாவைப் பற்றித்தான் வருகிறது.