நோயாளியின் பங்கு

வருஷக்கணக்காகக் கழுத்திலும் தோள்பட்டையிலும் நோவைச் சுமந்து திரிகிறவரிடம், "எல்லாம் பிராரப்தம், அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போவது நம்மவரிடையே ஆறுதலாகவே கருதப்பட்டு வருகிறது. கர்ம சித்தாந்தத்தில் நம்பிக்கை உள்ளவனாகவே நான் இதைக் கேட்கிறேன்: குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக இருபது முப்பது வருஷம் தையல் இயந்திரத்தின் மேல் குனிந்தே இருந்த ஒருவருக்குத் தோள் இறுகிப்போனால், அதில் பூர்வ ஜன்ம பாபத்தைத் தேடுவது தர்மமாகுமா?

நோவு தெரியும் இடம் ஒன்று, அதன் மூலஸ்தானம் வேறொன்று என்பதை 1938-இல் லண்டனில் ஜான் கெல்கிரன் என்ற வைத்தியர் பரீட்சித்துக் காட்டினார். தசைக்குள் அவர் உப்புக் கரைசலைச் செலுத்தியபோது, ஊசி குத்திய இடத்துக்குத் தொலைவில் வலி எழுந்தது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையில் கோளாறு இருக்க, நெற்றிப்பொட்டில் தைலம் தடவிக்கொண்டு பலர் காலம் கழிப்பதும் இதனால்தான். வைத்தியர் அந்தத் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டு வருகையில், விறைத்த இழை ஒன்று தட்டுப்படும்; அதன் மேல் ஒரு புள்ளியை அழுத்தியதும், "இதுதான், இதேதான்!" என்று நோயாளி கூவிவிடுவார். மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஏற்றிய ஊசியின் முனை அங்கே பட்டவுடன் தசை வெடுக்கென்று ஒரு தரம் துள்ளி, பிறகு தளரும்.

ஜீவன் கரையேறுவது பகவானின் கிருபையாலா, தன் பிரயத்தனத்தாலா என்று ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர் நெடுங்காலம் விசாரித்தார்கள். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் திருஷ்டாந்தமாகக் காட்டினார்கள். மோக்ஷத்தைப் பற்றிய அந்த வழக்கு இருக்கட்டும். தேகத்தின் இந்தச் சிறு துன்பத்தில் இரு கட்சிக்கும் இடம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வலியில் துடிக்கிறவரைத் தசையை நீட்டிப் பயிற்சி செய்யச் சொல்வது கொடுமை. ஊசியால் சுகம் கண்டபின் அவர் சும்மா இருந்துவிட்டாலோ, பழைய இறுக்கம் திரும்பி வரக் காத்திருக்கிறது. கிருபை முந்திக்கொண்டு வந்து, முயற்சிக்கு இடம் உண்டாக்கித் தருகிறது.

அமெரிக்காவில் இந்த ஊசிச் சிகிச்சையை வளர்த்த ஜானட் டிராவல் அம்மையார் இதை நன்கு அறிந்திருந்தார். 1955 முதல், பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் முதுகு வலிக்கு ஊசி போட்டு வந்த அவர், அத்துடன் நில்லாமல், கென்னடியை ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரு கால் சற்றுக் குட்டை என்று கண்டு பாதரட்சையின் அடியை உயர்த்தவும் செய்தார். 1979-இல் செக்கோஸ்லோவாகிய வைத்தியர் கரெல் லெவிட், மருந்தில்லாத வெறும் ஊசியே பலருக்கு நிவாரணம் தந்ததை எடுத்துக்காட்டினார். ஆகவே மருந்தையே சர்வமும் என்று எண்ணியிருப்பதற்கும் ஆதாரமில்லை.

ஒரு கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை மறுபுறம் சாய்த்து, தசை இழுபடுவதை உணர்ந்தபடி அரை நிமிஷம் பொறுத்திருப்பது பார்வைக்கு அற்பமான காரியம்தான். ஆனால் வலியே நினைவில்லாத நாளிலும் அதை விடாமல் செய்வதற்குப் பூஜைக்கு வேண்டிய சிரத்தை வேண்டும். திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியத்தின் நான்கு அங்கங்களைச் சொல்லும்போது நோயாளியையே முதலில் வைத்தார். வைத்தியனும் மருந்தும் அவனுக்குப் பின்னரே வருகிறார்கள். நான்காவதாக அவர் வைத்தது உடனிருந்து பேணுகிறவனை. இன்று இயன்முறை மருத்துவர் அந்த ஸ்தானத்தில் இருக்கிறார். ஊசி போட்டவருக்குச் செய்யும் மரியாதையில் பாதியும் நாம் இவருக்குச் செய்வதில்லை, சுகம் கண்டவுடன் இவரிடம் போவதையும் நிறுத்திவிடுகிறோம். வீட்டிலுள்ளவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, மாலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயிற்சி ஆயிற்றா?" என்று விசாரிக்கும் மனைவியோ மகனோ அந்த நான்காவது அங்கத்தைச் சேர்ந்தவர்களே.