நடந்தவரின் தாகமும் பனையின் பருவமும்

தேரி மணலில் ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்கு இழுக்கும். உடன்குடிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் குதிரைமொழித் தேரியின் செம்மணல் கணுக்கால்வரை உள்வாங்கிக்கொள்ளும். கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். பங்குனி உத்திரத்தன்று இடுப்பில் பிள்ளையோடு தேரி கடந்து அருஞ்சுனை காத்த அய்யனாரைக் கும்பிடப் போகிறவர்கள் அதைத் தங்கள் கெண்டைக்காலிலேயே அறிவார்கள்.

கும்பிட்டுத் திரும்பும்போது நாக்கு எதைக் கேட்கிறது? வீட்டில் உட்கார்ந்திருக்கையில் கேட்கும் பண்டத்தை அல்ல. பசி ருசி அறியாது என்பார்கள். நடையைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். களைத்த உடம்பு கிடைத்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்றாலும், தனக்கு வேண்டியது எது என்று கூர்மையாகத் தெரிந்துகொள்வதும் அப்போதுதான். நிழலில் இருந்தவர் இரண்டு மிடறில் திகட்டுகிறது என்று வைத்துவிடும் பதனியை, தேரி கடந்து வந்தவர் பனையோலைப் பட்டையைக் கவிழ்த்துக் குடித்து முடிக்கிறார். மரமும் கலயமும் ஒன்றுதான். வேறுபாடு குடிப்பவரின் கால்களில் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமை ஆண்டு முழுக்க நடக்கிற சீமை. உடன்குடி 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று இருந்தாலும், பேச்சிலும் சாப்பாட்டிலும் நெல்லையோடுதான் சேர்த்தி. தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டிய கூட்டம் நெல்லையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் திருச்செந்தூருக்கு நடக்கிறது. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தாமிரபரணியின் வாழைத்தோட்டங்கள் பின்தங்கப் பின்தங்கப் பனைகள் கூடிக்கொண்டே வரும். வைகாசி விசாகத்துக்கும் நடக்கிறார்கள். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டியவர்கள் ஊர் ஊராக நடந்து காணிக்கை எடுக்கிறார்கள்.

இந்த நடைகள் ஒவ்வொன்றுக்கும் பனையிடம் ஏதோ ஒன்று தயாராக இருக்கிறது.

தையில் பதனி இறங்காது. ஆனால் பொங்கலை ஒட்டி மண்ணுக்குள்ளிருந்து பனங்கிழங்கு வரும். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த கிழங்கை நார் உரித்து, நடுவிலிருக்கும் தும்பை எடுத்துவிட்டுக் கடித்துக்கொண்டே நடக்கலாம். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் நிறைந்த அது மெல்லக் கரைந்து நெடுநேரம் தாங்கும். விடியற்குளிரில் கூடவே ஒரு தம்ளர் சுக்குக் காப்பி. காப்பி என்று பெயர் இருந்தாலும் காப்பிக்கொட்டை இல்லாமல், சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டது. பங்குனி தொடங்கி ஆடிவரை பதனிக் காலம். வைகாசியில் நடப்பவருக்குப் பனையோலைப் பட்டையில் பதனியும் அதில் வழித்துப் போட்ட நுங்கும் கிடைக்கும். ஓலையின் பச்சை வாசம் ஏறிய அந்தப் பதனியைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் பாதி போய்விடும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் பழுத்து விழும். சுட்டுத் தின்னலாம். அதற்குள் கோடையில் இறக்கிய பதனியெல்லாம் கருப்பட்டியாகிப் பானைக்குள் போயிருக்கும். இல்லாத மாதங்களுக்காகச் சேமித்து வைத்த பதனிதான் கருப்பட்டி.

கிறித்தவ மறைப்பணியாளர் ராபர்ட் கால்டுவெல்லும் 1841இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாக நடந்தே இந்தச் சீமைக்கு வந்தார். வழியில் மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் அறிந்துகொள்ள அந்த நடை உதவியது. அவர் வந்து தங்கிய இடையன்குடியும் உடன்குடியைப் போன்ற தேரியும் பனையுமான ஊர். அங்கே பனையேறிக் குடும்பங்களுக்குப் பருவத்தில் பதனியே காலை உணவு. அது இல்லாத மாதங்களில் கருப்பட்டி. நெடுவழி நடந்து வந்தவர் சேர்ந்தது, உழைத்த உடம்பை எதைக் கொண்டு தேற்றுவது என்று தலைமுறைகளாக அறிந்திருந்த மக்களிடம்.

அந்த அறிவைப் பிற்கால அறிவியலோடு வைத்துப் பார்க்கலாம். குடல் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது என்ற கருத்தை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். அவற்றின் பின்னே தண்ணீரும் போகிறது. 1971இல் வங்க அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்து ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளைக் காப்பாற்றியதற்கு அடிப்படை இதுதான். வெயிலில் நடப்பவருக்கும் கணக்கு இதே. ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகலாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும். வெல்லம், சுக்கு, எலுமிச்சையோடு ஒரு சிட்டிகை உப்பும் கலந்த பானக்கமும், உப்புப் போட்ட நீர்மோரும், அன்னதானப் பந்தலில் கைநிறையக் கிடைக்கும் சுண்டலும் வெறும் தண்ணீரைவிட நன்றாகத் தேற்றுவது இதனால்தான்.

பதனியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானங்களில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே வந்ததும் வராததுமாக நான்கு பட்டை குடித்தால் வயிறு கனக்கும், தாகமும் உடனே அடங்காது. முதலில் தண்ணீரோ மோரோ குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, வியர்வை ஆறியபின் பதனி குடிப்பதே சரியான வரிசை. நடையில் தீர்ந்த சர்க்கரையைத் தசைகள் வேகமாக நிரப்பிக்கொள்வது முதல் இரண்டு மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் பதனியோ ஒரு துண்டுக் கருப்பட்டியோ தரும் இன்பத்தில் உடம்பின் நன்றியும் கலந்திருக்கிறது. நடக்காதவருக்கு அதே கருப்பட்டி வெறும் இனிப்பு. நீரிழிவு உள்ளவருக்குச் சீனியைப் போலவே அதுவும் அளவோடு தொட வேண்டிய பண்டம். கருப்பட்டி என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று சொல்லி விற்பது தவறு.

நடப்பவர் தன் களைப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால், இன்னொருவரின் களைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். பதனி தானாக வடிந்து கலயத்தில் சேர்ந்துவிடுவதில்லை. ஆணான அலகுப் பனையோ பெண்ணான பருவப் பனையோ, பாளையைக் கடிப்பு என்னும் கிட்டியால் நசுக்கிப் பதப்படுத்தி, பாளை அரிவாளால் நாள் தவறாமல் சீவ வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. புளித்துக் கள்ளாகாதிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். 15 மீட்டர் உயரமுள்ள 30 மரங்களில் இருவேளையும் ஒருவர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 900 மீட்டர் ஏற்றம். பொதிகையின் அகத்தியமலை கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி உயரத்தை, பருவம் முழுக்க அன்றாடம் ஏறி இறங்குகிறார் பனையேறி. மலை ஏறிவந்தோம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள் அவர் எதிரில் கொஞ்சம் தணிந்துதான் பேச வேண்டும்.

கீழே, பதனி காய்ச்சும் குடிசையான விடிலியில், வேலை பெண்களுடையது. இறக்கிய பதனியைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, ஓலையும் விறகும் வைத்து, புகைக்குள் நின்று மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் வார்த்து ஆறவிடுகிறார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் பதனி வேண்டும். பதம் ஒரு நிமிடம் தப்பினால் கருகும், முந்தினால் இறுகாது. அந்தக் கை அளவை எந்தக் கருவியும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

இவ்வளவு உழைப்பு போகிற பண்டத்தில்தான் சீனிப்பாகு கலக்கிறார்கள். சீனி விலை குறைவு, கருப்பட்டி விலை கூடுதல். இடைவெளியில் லாபம் இருக்கிறது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காக்க அது உதவும். ஆனால் சாலையோரக் கடையில் சல்லிசாக ஒரு கட்டியைப் பேரம் பேசி வாங்குகிறவரின் மனத்தை அது மாற்றாது. சல்லிசாக வேண்டும் என்று கேட்கிறவர் இருக்கும்வரை சீனி கலப்பவரும் இருப்பார். அந்தப் பேரத்தில் தோற்பது மரத்தின் உச்சியில் இருப்பவர். வருமானம் இல்லை, வருகிற தலைமுறைக்கு இந்த வேலை வேண்டாம் என்று எத்தனையோ பனையேறிக் குடும்பங்கள் அரிவாளைச் செருகி வைத்துவிட்டன. ஏற ஆளில்லாத பனை பாளை விட்டும் பயனில்லாமல் நிற்கிறது.

திருச்செந்தூருக்கோ தேரிக்கோ வைகாசியில் நடக்கிறவர்கள், குளிர்பானப் புட்டியை எடுக்குமுன் சாலையோரம் பச்சைப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். மற்ற மாதங்களில் நல்ல கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்து, முடிந்தால் காய்ச்சுகிறவர்களிடமே வாங்குங்கள். அவர்கள் சொல்லும் விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள்.