முதலில் பாருங்கள், பிறகு வரையுங்கள்

19-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் லெகாக் த புவாபோத்ரான் என்றோர் ஓவிய ஆசிரியர் இருந்தார். சிற்பி ரோதான் அவரிடம் படித்தவர். லெகாக் தன் மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துப் போவார். மாடல்கள் இஷ்டம்போல் நடப்பார்கள், உட்காருவார்கள். மாணவர்கள் கண்ணால் பார்த்து மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வரைவது பிறகு, நினைவிலிருந்துதான்.

மாதிரிப் படம் இல்லாமல் மனித உருவம் வரைய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பவரைக் கவனியுங்கள். அந்தப் பக்கத்து இடுப்பு மேலேறும். அதே பக்கத்துத் தோள் பெரும்பாலும் இறங்கும். கழுத்துக்குழி, பாரம் தாங்கும் பாதத்துக்கு ஏறக்குறைய நேர்மேலே வந்துவிடும். முகமும் உடை மடிப்பும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்று பஸ் ஸ்டாப்பில் ஒருவரைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து வரையுங்கள். எங்கே தடுமாறினீர்களோ, நாளை அந்த இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள்.