ஒடுக்கம்

தமிழ்க் கத்தோலிக்கரிடையே பழைய சொல் ஒன்று உண்டு: ஞான ஒடுக்கம். சபையார் சில நாட்கள் ஒதுங்கிக் கூடி, மௌனம் காத்து, பிரசங்கம் கேட்டுத் தம்மைச் சோதித்துக்கொள்வதற்கு அந்தப் பெயர். தவக்காலம் அதற்கு உகந்த காலம். இப்போது 'தியானம்' என்பதே அதிகம் புழங்குகிறது. நான் கிறிஸ்தவன் அல்லன். எனினும் இந்தச் சொல்மாற்றத்தில் ஏதோ நழுவிவிட்டதாகத் தோன்றுகிறது. தியானம் ஒரு தனி மனத்தின் காரியம். சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பது உலகம் மறுபடி தோன்றுவதற்கு முந்திய நிலை, அது முடிவல்ல. அதே வினை பிறவினையாகும்போது ஒடுக்குதல், ஒடுக்கப்பட்டோர் என்றாகிறது. தானே ஒடுங்குகிறவனும் பிறரால் ஒடுக்கப்பட்டவனும் மொழிக்குள் இவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள்.

காலம் மாறும்போது ஒரு சமூகம் ஒதுங்கிக் கூடுவது கோழைத்தனமா, ஆயத்தமா?

இந்த முறையை வகுத்துக் கொடுத்த இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548-ல் போப்பின் அங்கீகாரம் பெற்றது. நான்கு வாரங்களாகப் பிரிக்கப்பட்ட அந்தப் பயிற்சியின் மையம் மன அமைதி அல்ல, தேர்வு. இனி எப்படி வாழப்போகிறேன் என்று ஒருவன் தீர்மானித்தாக வேண்டும். ஆகவே ஒதுங்கலை அளக்க அதற்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: வெளியே வரும்போது கையில் என்ன தீர்மானம் இருக்கிறது?

1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஜேசுதாசனும் ஃபாரெஸ்டர் பேட்டனும் இந்த அளவுகோலுக்குத் தாங்குகிறார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், இருவரும் மருத்துவர்கள். ஒத்துழையாமை இயக்கம் நடந்துகொண்டிருந்த நாட்களில், ஆளும் இனத்தவனும் ஆளப்படும் இனத்தவனும் ஒரே வீட்டில் சமமாக வாழ்வது என்பது ஒரு தீர்மானம்தான். கோபுரத்தோடு கோயில் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள். நோயாளிகளுக்கு மருத்துவமும் பார்த்தார்கள்.

சாந்திவனத்தின் விஷயம் இவ்வளவு நேரானதல்ல. 1950 மார்ச் 21-ல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், மொன்ஷானென், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் அதைத் தொடங்கினார்கள். காவி உடுத்தார்கள், துறவியின் வறுமையை உண்மையாகவே ஏற்றார்கள். அவர்களோடு நிலைத்துச் சேர ஆள் வரவில்லை. மொன்ஷானென் 1957-ல் பாரிஸில் இறந்தார். 1968-ல் லெ சோ இமயத்துக்குப் போய்விட, பீட் கிரிஃபித்ஸ் வந்தார். இதற்கிடையே இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) நடந்து, லத்தீன் பூசை தமிழாயிற்று. 1969-ல் இந்தியத் திருச்சபைக்குப் பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களை ரோம் அனுமதித்தது. தரையில் உட்காரலாம், கைகூப்பி வணங்கலாம், ஆரத்தி எடுக்கலாம்.

தரையில் உட்காருவது யாருக்குப் புதுமை? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள். அவர்களுடைய பாட்டன்மார் கோயிலுக்குள் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. வடக்கன்குளத்தில் சாதிகள் கலவாதிருக்க இரண்டு கிளைகளாகவே கோயிலைக் கட்டினார்கள். சாந்திவனம் தோன்றிய அதே 1950-ல், ஆகஸ்ட் 10-ல், குடியரசுத் தலைவரின் ஆணை பட்டியல் சாதியினர் என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஒரே ஆண்டில் ஒருவர் இந்தியராக விரும்பிக் காவி உடுத்தார். இன்னொருவருக்கு, அவர் இந்தியச் சமூகத்தில் பட்ட பாட்டுக்கான அடையாளம் காகிதத்தில் மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கிடையாது. ஆனால் ஆற்றங்கரை மௌனத்துக்குள் இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மொன்ஷானெனைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. ஒடுங்குவதற்கு முதலில் விரிந்திருக்க வேண்டும் என்பதே நான் சொல்லவருவது. துறக்க ஏதாவது உள்ளவனுக்குத்தான் துறவு. ஏற்கெனவே ஒடுக்கப்பட்டவனிடம் போய் ஒடுங்கு என்று சொல்வது ஞானமாகாது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஊரில் மூன்று நாள் ஒதுங்குவது என்றால் மூன்று நாள் கூலியை இழப்பது. மௌனத்துக்கு விலை இருக்கிறது. அதைக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள். இஞ்ஞாசியார் இதை அறிந்திருந்தார். வேலையை விட்டு வரமுடியாதவர்கள் தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, இருந்த இடத்திலேயே பயிற்சி செய்யலாம் என்று தம் பத்தொன்பதாவது குறிப்பில் வழி விட்டிருக்கிறார். ஒடுக்கத்துக்கு இடம் அத்தியாவசியமில்லை என்பது அங்கேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆடிக் கிருத்திகையில் இங்கிருந்து திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகிறவன், அத்தனை கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே தன்னுள் ஒடுங்கித்தான் படி ஏறுகிறான்.

பின் ஏன் கூட வேண்டும்? தனியே இருக்கும்போது நம் மௌனத்தை நாமே மெச்சிக்கொள்ளலாம். பலர் கூடி மௌனமாக இருக்கும்போது அடுத்தவன் அங்கே உட்கார்ந்திருப்பதே ஒரு கேள்வி. வராதவன் அதைவிடப் பெரிய கேள்வி. அவன் ஏன் வரவில்லை, கூலியாலா, சாதியாலா என்று கேட்கத் தொடங்கும் சபைக்கு அதன் தவக்காலம் உண்மையாகிறது. கேட்காத சபை ஓய்வெடுத்துத் திரும்புகிறது.

சிறுபத்திரிகை நடத்தும், படிக்கும் நாமும் ஒருவகையில் ஒதுங்கிக் கூடியவர்கள். சந்தையிலிருந்து விலகியதை நம் யோக்கியதாம்சமாகச் சொல்லி வருகிறோம். விலகியது சரி. அந்த விலகலிலிருந்து என்ன தீர்மானத்தோடு வெளியே வந்தோம், நம் வட்டத்தில் யார் இல்லை என்ற இரண்டு கேள்விகளும் நமக்கும் பொருந்தும். எண்ணிக்கை குறைவு என்பது அவற்றுக்குப் பதிலாகாது.