இருந்தும் எட்டாதது

இறைவனின் அருள் எங்கும் நிறைந்தது என்றால், அது நிறைந்திருக்கும் இடத்திலேயே உயிர்கள் வாடுவது ஏன் என்னும் கேள்வியைச் சைவ சித்தாந்தம் தட்டிக் கழிப்பதில்லை. அருள் இல்லை என்றால் இறைவனின் நிறைவு பொய்க்கும். உண்டு, ஆயினும் தரப்படவில்லை என்றால் அவன் கருணை பொய்க்கும். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது விடை ஒன்று உண்டு என்பதை விளங்கிக்கொள்ள, அசேலியாச் செடியின் இலை மஞ்சளாகும் நோய் எதிர்பாராத அளவுக்குத் துணைசெய்கிறது.

அசேலியா ரோடோடெண்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்த பூஞ்செடி. நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசு இதன் உறவினம். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 4.5 முதல் 6 வரை உள்ள புளிப்பு மண்ணில்தான் அது செழிக்கும். சுண்ணாம்புக் காரை உதிரும் சுவரோரத்தில் நடப்பட்டாலோ, சுண்ணாம்பு கரைந்த கடின நீர் நெடுநாள் பாய்ச்சப்பட்டாலோ, அதன் இளந்தளிர்கள் வெளிறத் தொடங்கி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பட்ட பரப்பு முழுவதும் மஞ்சளாகிவிடுகிறது. பச்சையம் உருவாவதற்குத் தேவையான இரும்பு கிட்டாததே இதற்குக் காரணம்; முதிய இலையில் சேர்ந்துவிட்ட இரும்பு எளிதில் இடம்பெயராது என்பதால், புதிதாகப் பிறக்கும் தளிரே முதலில் வாடுகிறது. தழைச்சத்துக் குறையில் முதிய இலைகளே முதலில் முழுவதுமாக வெளிறும்; இலையுதிர்காலத்தில் பழைய இலைகள் சில பழுத்து உதிர்வதோ நோயே அன்று.

இனி, அந்த மண்ணில் இரும்பு இல்லையா என்றால், பெரும்பாலும் நிறையவே உண்டு. புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. செம்மண்ணின் சிவப்பே அதன் நிறந்தான். ஆனால் பி.எச். ஓர் அலகு உயரும்போது, நீரில் கரைந்து நிற்கும் இரும்பு அயனியின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், வேரைச் சூழ்ந்து கிடக்கும் இரும்பு வேருக்குள் புகும் வடிவில் இருப்பதில்லை. செடி செல்வத்தின் நடுவில் பட்டினி கிடக்கிறது.

சித்தாந்தம் கூறும் விடையும் இத்தகையதே. உயிரைத் தொடக்கமின்றியே பற்றியிருக்கும் ஆணவ மலம், அதாவது அறிவை மறைக்கும் அழுக்கு, செம்பில் ஊறிய களிம்பு போன்றது என்பர். அது தடுத்து நிற்கும் வரையில், உடனிருக்கும் அருளை உயிர் உணர்வதில்லை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் பாற்கடலில் வாழும் மீனை உவமையாக எடுத்ததும், அருளுக்குள்ளேயே இருந்துகொண்டு உயிர் வேறெதையோ நாடும் இந்த நிலையைக் காட்டவே.

செடியின் இந்நோய்க்குச் செய்யப்படும் மருத்துவம் இன்னும் ஆழமான பாடத்தைத் தருகிறது. அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பை அத்தகைய மண்ணில் மேன்மேலும் கொட்டினால், அதுவும் விரைவில் கரையாப் பொருளாக மாறிவிடும். கரைசலாக்கி இலைமேல் தெளித்தாலோ, பட்ட இலை பச்சையாகும், அடுத்த தளிர் மீண்டும் மஞ்சளாகவே பிறக்கும். கந்தகத் தூளை மண்ணில் கலப்பது மெதுவான வழி: மண்வாழ் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கி மண்ணைப் பதப்படுத்தப் பல மாதங்கள் ஆகும். அருளைப் பெறும் பக்குவத்துக்குச் சித்தாந்தம் வைத்த பெயர் மலபரிபாகம், அதாவது மலம் தன் வலிமை குன்றும் நிலைக்கு முதிர்தல்; அங்கும் அவசரத்துக்கு இடமில்லை. கொடுக்கிணைப்புச் சேர்மம் என்பது மற்றொரு வழி. இரும்பைக் கரிமப் பொருள் ஒன்று நண்டின் கொடுக்குப் போலப் பற்றிக்கொண்டு வேர்வரை கொண்டுசேர்க்க, சுண்ணாம்பு மண்ணில் இருந்தபடியே தன் செயலை இழக்கிறது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் ஆற்றலே அடங்குகிறது என்னும் கொள்கைக்கு இதைவிட நெருங்கிய உவமை கிடைப்பது அரிது.

எனினும் உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது. இரும்பு சடப்பொருள், வேருக்காக அது எதையும் செய்வதில்லை. அருளோ அறிவுடைய ஆற்றல், மலம் முதிர்வதற்காகத் தன்னை மறைத்துக்கொண்டு நின்று செயற்படுவதும் அதுவே. இறைவனின் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றாக எண்ணப்படுவது இதனால்தான்.

பெறாமைக்குக் காரணம் பெறுவோரிடம் உள்ளது என்ற கொள்கை, துன்புறுவோரையே குற்றவாளியாக்கிவிடாதா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும், ஏனெனில் இக்கொள்கையைச் சொல்லிப் பிறர் துயரைக் கண்டும் காணாமல் கடந்து செல்வது மிக எளிது. ஆனால் சுவரோரத்தைத் தேர்ந்தது செடி அன்று. ஆணவமும் உயிர் தேடிக்கொண்ட வினையன்று, அதனோடு தொடக்கமின்றியே இருப்பது. ஆகவே வெளிறிய தளிரைக் கண்டவர் செடியைக் குறைகூறுவதை விட்டு, குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டியவராகிறார். ஆணவம், கன்மம், மாயை என்னும் மலம் மூன்றும் உடைய உயிர்களுக்கு இறைவனே மானிடக் குருவாக வடிவெடுத்து அவை நிற்கும் இடத்துக்கு வருகிறான் என்று சித்தாந்தம் சொல்வதும் அந்தக் குனிதலையே.