இறால் குட்டையின் கடன்

இறால் வளர்ப்பது பாவமில்லை. இந்தியக் கடலுணவு ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு இறாலால் வருகிறது. உப்பேறி நெல் விளையாமல் போன நிலத்துக்காரருக்கு அது ஒரு பிழைப்பு. அறக்கேள்வி எழுவது குட்டை வெட்டும் இடத்தில்தான், அதுவும் அந்த இடம் அலையாத்திக் காடாக இருக்கும்போது.

அலையாத்திக் காட்டுக்குப் பட்டாதாரர் இல்லை. அதை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. பிச்சாவரத்து ஓடைகளில் இருளர்கள் தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறாலும் நண்டும் பிடித்துவந்திருக்கிறார்கள். மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளர்வதும் அலையாத்தி வேர்களுக்கிடையில்தான் என்பதால், காட்டை அழித்தால் கடலில் வலைபோடுபவருக்கும் வரவு குறையும். குட்டைக்காரர் இவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. கேட்கச் சட்டம் சொல்லவில்லை என்பார். அதனாலேயே அது நியாயமாகிவிடுமா?

மண்ணும் சேர்ந்தே கெடுகிறது. அலையாத்திச் சேற்றில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. தண்ணீருக்குள் கிடக்கும்வரை தொந்தரவில்லை. வெட்டியெடுத்துக் காற்றுப்பட்டால் அமிலமாக மாறும். சுண்ணாம்பு கொட்டிச் சில ஆண்டுகள் சமாளிக்கலாம். ஆனால் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்துவிட்டால் சில நாட்களில் குட்டையே காலி. முதலாளி வேறு கரைக்குப் போய்விடலாம், அமில மண் போகாது. இலங்கையில் புத்தளம், சிலாபம் பக்கம் அப்படிக் கைவிடப்பட்ட குட்டைகள் ஏராளம்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. வியட்நாமின் கா மவ் மாகாணத்தில் நிலத்தில் பெரும்பகுதியை மரங்களுக்கு விட்டு, இடையிலுள்ள வாய்க்கால்களில் இறால் வளர்க்கும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். விளைச்சல் குறைவு, தீவனச் செலவும் குறைவு. காடு நிற்கிறது. ஏற்றுமதிக்காக ஒரே மூச்சில் காட்டை வழித்தெடுப்பவரோடு இவரைச் சேர்த்துத் திட்டுவது நகரத்துச் சூழலியலாளர்களின் சோம்பல்.

தமிழகக் கரையோரப் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. அலையாத்திக் காடுகளையும் விளைநிலங்களையும் ஊர்ப் பொதுநிலங்களையும் இறால் குட்டைகளாக மாற்றக் கூடாது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 2023 திருத்தம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இந்தத் தொழில் அனுமதிக்கப்பட்டதே என்று தெளிவாக்கியது. வளர்ச்சிக்கு அது தேவை என்று வாதிடலாம். ஆனால் யார் ஈடு கட்டுவது என்ற பழைய கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

அலையாத்திக் காட்டை வெட்டிக் குட்டை போடுவதை எந்த ஏற்றுமதிக் கணக்கும் நியாயமாக்காது. காட்டை ஒட்டி அனுமதி தரும்போதும், குட்டை கைவிடப்பட்டால் மண்ணை மீட்பதற்கான பணத்தை முன்கூட்டியே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும். அந்தப் பணத்தைக் கட்ட முடியாதவருக்கு உரிமம் தரக் கூடாது.