உறங்குபவனுக்குச் சாட்சி யார்?

காலையில் எழுந்ததும் அநேகமாக எல்லா வீடுகளிலும் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “நல்லாத் தூங்கினேன், ஒண்ணுமே தெரியல.” அத்வைத வேதாந்திகள் இந்தச் சாதாரணப் பேச்சை வைத்தே ஒரு பெரிய வாதத்தைக் கட்டினார்கள். ஒன்றுமே தெரியாமல் கிடந்தவனுக்கு, சுகமாகக் கிடந்தோம் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? ஒன்று நினைவுக்கு வருகிறதென்றால் அதை முன்பு அனுபவித்திருக்க வேண்டும். ஆகவே கனவுகூட இல்லாத ஆழ்ந்த உறக்கத்திலும் அணையாத சாட்சி ஒன்று உள்ளே இருக்கிறது என்றார்கள். நியாயத் தத்துவத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஒப்பவில்லை. விழித்தவன் உடம்பு தெளிவாக இருப்பதைப் பார்த்து, நன்றாகத்தான் தூங்கியிருப்போம் என்று ஊகிக்கிறான். இது நினைவே இல்லை, வெறும் அனுமானம் என்றார்கள்.

பல நூற்றாண்டுகளாக நடக்கும் இந்த வழக்கில் இப்போது புதுச் சாட்சி ஒன்று கூண்டேறியிருக்கிறது.

சென்னையில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய வானகரத்தில் இரவு முழுக்க லாரிச் சத்தம் ஓய்வதில்லை. அந்தச் சத்தத்தையும் மீறிக் குறட்டை விடுபவர்களில் சிலருக்கு இருப்பது வெறும் குறட்டை அல்ல, ஸ்லீப் அப்னியா. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, காற்று போகும் வழி மூடிக்கொள்கிறது. பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு தடை என்று கணக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடுகிறது. மூச்சு திரும்புகிறது, உறக்கமும் தொடர்கிறது. மணிக்கு 5 தடைகளுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. மணிக்கு 30 என்றால், ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை மூச்சு தடைப்படுகிறது. அந்த மனிதரும் காலையில் எழுந்து, “நல்லாத் தூங்கினேன்” என்றுதான் சொல்கிறார்.

பொய் சொல்லவில்லை. அந்த 210 விழிப்புகளில் பெரும்பாலானவை நினைவில் தங்கும் அளவுக்கு நீள்வதே இல்லை. வேதாந்தி சொன்ன சாட்சி உள்ளே இருந்தாலும், நடந்ததைச் சொல்ல அது வாய் திறப்பதில்லை. வாய் திறப்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி. 2023இல் வந்த ‘குட் நைட்’ படத்தில், குறட்டையால் கேலிக்கு ஆளாகும் மோகனாக மணிகண்டன் நடித்தார். சிரித்துக்கொண்டே பார்த்த படம்தான். ஆனால் அதிலும் தூக்கம் கெட்டுப்போவது மற்றவர்களுக்கு, குறட்டை விடுபவனுக்கு இல்லை. சிரிக்க முடியாத செய்தி 2022 பிப்ரவரியில் மும்பையிலிருந்து வந்தது. தமிழில் ‘அபூர்வ சகோதரிகள்’ படத்துக்கும் இசையமைத்த பப்பி லஹிரி 69 வயதில் இறந்தார். மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் ஸ்லீப் அப்னியாவும் இருந்தது.

இதற்கு 1980 வரை உறுதியான சிகிச்சை ஒன்றுதான்: கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழாய்க்கு நேரே வழி செய்வது. அந்த ஆண்டு சிட்னியில், துளை வேண்டாமென்று மறுத்த நோயாளி ஒருவருக்கு, காலின் சல்லிவன் என்ற மருத்துவர் மூக்கு வழியாக விடாமல் காற்றை ஊதிப் பார்த்தார். காற்றழுத்தம் தொண்டையை உள்ளிருந்தே விரித்துப் பிடித்தது. நோயாளி இரவு முழுக்கத் தடையின்றி உறங்கினார். ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 1981இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. சிபாப் இயந்திரத்தின் கதை இப்படித் தொடங்கியது. இன்று அது தலைமாட்டில் ஒரு டிபன் பாக்ஸ் அளவில் உட்கார்ந்திருக்கிறது. காற்று ஊதுவதோடு நிற்காமல் கணக்கும் எழுதுகிறது: எத்தனை மணி நேரம் மாஸ்க் முகத்தில் இருந்தது, எவ்வளவு காற்று கசிந்தது, எத்தனை தடைகள், எந்த நேரத்தில் என்று ஒவ்வொரு இரவுக்கும் ஒரு சாட்சிப் பத்திரம்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. தன் உறக்கத்தைத் தானே பார்க்க முடியாத ஒருவர், அந்த உறக்கத்துக்கான சிகிச்சையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது என்றால் என்ன?

மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் இதற்கு வெகு அருகில் வருகிறது. உடம்பு வேறு, ஆன்மா வேறு என்பதற்கு அது அடுக்கும் காரணங்களில் உறக்கமும் ஒன்று. உறங்கும்போதும் பிராணன் இயங்குகிறது. ஆனால் அப்போது நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. எனவே பிராணனை ஆன்மா என்று கொள்ள முடியாது. மூச்சு நின்றும் அறியாமல் கிடக்கும் அப்னியா நோயாளி, இந்த வாதத்துக்கு மறுபக்கத்திலிருந்து வந்த எடுத்துக்காட்டு. உடம்பை இயந்திரம் என்றே அந்தச் சூத்திரம் சொல்கிறது என்பது, இயந்திரத்தோடு படுப்பதற்குக் கூச்சப்படுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. இன்னொரு காரணம் அதைவிட முக்கியம்: உணர்த்தினால்தான் ஆன்மா உணரும். தானாகவே எல்லாம் அறிந்துவிடும் சக்தி அதற்கு இல்லை. அறிவித்தால் அறிந்துகொள்ளும் தகுதி உண்டு. சைவ சித்தாந்தத்தில் உணர்த்துபவன் இறைவன். அப்னியா விஷயத்தில் அந்த வேலையை மனைவியும், இயந்திரத்தின் மெமரி கார்டும், ஸ்லீப் ஸ்டடி என்ற உறக்கப் பரிசோதனை செய்த மருத்துவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். உணர்த்தப்படச் சம்மதிப்பதுதான் பொறுப்பின் முதல் படி. பலர் இந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், “நான் எங்கே குறட்டை விட்டேன்?” என்ற சண்டை பல வருடம் நீடிக்கும்.

அடுத்த படியில் வைணவத்தின் பழைய விவாதம் ஒன்று கைகொடுக்கிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. சரணாகதியில் சீவனின் முயற்சிக்கு இடமுண்டா என்பதில் முதல் உவமை வடகலைக்கும் இரண்டாவது தென்கலைக்கும் உரியது. சிபாப் போடுபவர் ஒரே இரவில் இரண்டு குட்டிகளாகவும் இருக்கிறார். படுக்கும் வரை பிடி அவருடையது: மாஸ்க்கைக் கழுவுவது, பட்டையை அளவாக இழுப்பது, ஈரப்பதத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்குமா என்று பார்ப்பது. கண் அயர்ந்த பிறகு எந்தக் கையும் எதையும் பற்றியிருக்க முடியாது. காற்று கவ்விக்கொண்டு போகிறது.

பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இதயநோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 அப்னியா நோயாளிகளிடம் நடந்த ‘சேவ்’ ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சிபாப் குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. அதில் சிபாப் தரப்பட்டவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள். இயந்திரம் சரியில்லையா, போட்ட நேரம் போதவில்லையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இயந்திரத்தை விற்றவர் முதல் வாரத்தோடு போய்விடலாம். மாஸ்க் நடுராத்திரியில் கழன்றது ஏன் என்று தேட வேண்டியவர் போட்டுக்கொண்டவரே. ஆஸ்திரேலியாவின் மார்க் வாட்கின்ஸ் எழுதிய ‘ஸ்லீப்பிஹெட்’ என்ற இலவச மென்பொருளும், அதன் வழியில் வந்த ‘ஆஸ்கர்’ மென்பொருளும் பல இயந்திரங்களின் கார்டை வீட்டுக் கணினியிலேயே படித்துக் காட்டுகின்றன. கசிவு அதிகமென்றால் மாஸ்க் அளவு தப்பாக இருக்கலாம். மல்லாந்து படுத்த நேரத்தில் தடை கூடுகிறதென்றால் பக்கவாட்டில் படுத்துப் பார்க்கலாம்.

ஆனால் பார்ப்பது வேறு, அழுத்தத்தைத் திருகுவது வேறு. தொண்டை அடைப்பதால் நிற்கும் மூச்சு ஒரு வகை. மூளை கட்டளை அனுப்ப மறந்து நிற்கும் மூச்சு இன்னொரு வகை. முதலாவதற்கு அழுத்தம் மருந்து. சிலருக்கு அழுத்தமே இரண்டாவதை வரவழைக்கிறது. ஒரு மோசமான இரவைப் பார்த்து அழுத்த அளவை மாற்றுபவர் பொறுப்பை ஏற்கவில்லை, பதற்றத்துக்கு வேலை கொடுக்கிறார். சில வாரக் கணக்கோடு மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பேசுவதும் குரங்குப் பிடியில் சேர்ந்ததுதான்.

“பிராணாயாமம் செய்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. யோகி மூச்சை நிறுத்துவது விழிப்பில், தன் விருப்பத்தோடு. அப்னியாவில் மூச்சு நிற்பது இரண்டும் இல்லாத நேரத்தில். விழிப்பில் பழகிய கட்டுப்பாட்டை உறக்கம் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நம்ப ஆதாரமில்லை. தொண்டைத் தசைகளுக்குப் பயிற்சி தருவது வேறு விஷயம். ஜெய்ப்பூரில் நடுத்தர அப்னியா உள்ள 30 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2025இல் வந்தது. ஆறு மாதம் சங்கு ஊதியவர்களுக்கு, ஆழ்ந்து மூச்சுவிடும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடப் பகல் தூக்கம் 34 சதவீதம் குறைந்தது. மணிக்கு நான்கைந்து தடைகளும் குறைந்தன. 30 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. மணிக்கு 40 தடை உள்ளவர் இதை நம்பி மாஸ்க்கைக் கழற்றி வைக்க முடியாது.

வானகரத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருவது பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசுவதே அவர் ஏற்றுக்கொண்ட கைங்கரியம். தெய்வத்துக்குக்கூட ஒருவர் நின்று காற்று வீசுவதைப் பேறு என்று கருதும் மரபில் வந்தவர்கள், மூக்கில் காற்று வாங்கிக்கொண்டு படுப்பதை மட்டும் ஊனம் என்று மறைக்கிறார்கள். பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரியக் கூடாது, சபரிமலைக் குழுவில் கேலி செய்வார்கள் என்ற கூச்சம், மாஸ்க் இல்லாமல் கழியும் பல இரவுகளுக்குக் காரணம்.

எல்லாவற்றையும் கார்டிடம் ஒப்படைத்துவிடவும் முடியாது. தடைகள் மணிக்கு இரண்டாகக் குறைந்த பிறகும் சிலருக்குப் பகல் தூக்கம் போவதில்லை. அதைப் பிடிப்பதற்கு 1991இல் மெல்போர்ன் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் தந்த எப்வொர்த் அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். டி.வி. பார்க்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போகும்போது, சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குமா என்று சம்பந்தப்பட்டவரையே கேட்கிறது. கூட்டுத்தொகை பத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். அதே தாளை மனைவியிடமும் தனியாகக் கொடுத்து, கணவரைப் பற்றி நிரப்பச் சொல்லலாம். கணவர் தாளில் 6ம் மனைவி தாளில் 14ம் வந்தால் யார் சொல்வது சரி என்று வீட்டில் பஞ்சாயத்து தேவையில்லை. இரண்டு தாள்களும் கார்டும் சேர்ந்து மருத்துவரிடம் போகட்டும். தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள், வெறும் ஐந்து மணி நேரத் தூக்கம் என்று அவர் விசாரிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன.